காட்டூர் மாஸ்டரின் கொட்டகை

போன வாரம் காந்தி மார்க்கெட்டுக்குக் கொடிக்கயிறு வாங்கப் போயிருந்தேன். மாடியில் துணி உலர்த்துகிற கயிறு இற்றுப்போய், என் வேட்டியோடு அடுத்த வீட்டுக் கிணற்றடியில் விழுந்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள் வேட்டியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கொடுத்தாள். இனிமேல் தாமதித்தால் மரியாதை இல்லை என்று மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

புதுக் கயிற்றுக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களோ? தேங்காய் நார் வாசனையும் ஊறப்போட்ட தண்ணீரின் நாற்றமும் சேர்ந்து வரும். கடைக்காரர் நான் கேட்ட நீளத்துக்கு வெட்டிக் கையில் கொடுத்துவிட்டுச் சில்லறை தேடினார். அவர் நிமிர்வதற்குள் என் விரல்கள் கயிற்றின் இரண்டு நுனிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தன. நான் ஒன்றும் போடச் சொல்லவில்லை. அவர் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே, கப்பல்ல வேலை பார்த்தீங்களா?"

"இல்லப்பா. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார்."

அவர் நம்பவில்லை. நம்பாமல் இருந்ததற்கு நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்தக் கயிற்று வாசனையை முகர்ந்தால் எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்து மாடிப்படி அடியில் இருந்த இருட்டறைதான் ஞாபகம் வரும். ஸ்ரீரங்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதுதான் ஸ்கவுட் அறை. கயிற்றுச் சுருள்கள், மூங்கில் தடிகள், மண்ணெண்ணெய் விளக்கு, இரண்டு பெரிய பித்தளை அண்டா எல்லாம் அங்கே இருந்தன. கஞ்சி போட்டு வெயிலில் காய்ந்த காக்கித் துணியின் வாசனை அந்த அறையை விட்டுப் போனதே இல்லை. என்னை ஸ்கவுட் மாஸ்டராக்கியதற்குக் காரணம் என் வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். இருந்த வாத்தியார்களில் சின்ன வயசுக்காரன் நான். அதோடு சைக்கிள் விடத் தெரிந்தவனும் நான்தான். தலைமையாசிரியருக்கு அது போதுமாக இருந்தது.

கல்யாணமான மனுஷன், தலையில் குடுமி, அதற்கு மேல் அகல விளிம்புத் தொப்பி, கீழே முழங்கால் தெரிகிற காக்கி நிஜார். இந்தக் கோலத்தில் நான் முதல்நாள் உத்தர வீதியில் நடந்தபோது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் புள்ளியை மறந்து நிமிர்ந்து பார்த்தார்கள். குடுமியினால் தொப்பி ஒரு பக்கமாகவே உட்காரும். நேராக வைத்தால் விழும். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஏன்னா, சுவாமி புறப்பாட்டுக்கு முன்னாடி தெரு சுத்தி வந்துடுங்கோ. அப்புறம் ரெண்டையும் சேர்த்துப் பார்க்க ஜனங்களுக்கு முடியாது" என்றாள்.

ஆனால் அந்த உடுப்பில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் வேண்டும். கணக்கு வாத்தியாரைக் கண்டால் சந்துக்குள் ஓடி ஒளிகிற பையன், காக்கியைக் கண்டால் எதிரே ஓடி வருவான். சனிக்கிழமை சாயங்காலம் வரிசையாக நாங்கள் போனால் யாராவது ஒரு வீட்டில் மோர்ப் பானை வாசலுக்கு வந்துவிடும். ஆடிப் பெருக்கில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கயிறு கட்டி நிற்போம். ஒரு தடவை ஒரு கிழவர் வழுக்கி விழுந்தார். பையன்கள் இரண்டு தடியில் இரண்டு சட்டையை மாட்டித் தூக்குக் கட்டில் செய்து அவரைத் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சட்டையில்லாமல் அந்தப் பையன்கள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூட அவ்வளவு பெருமை கிடையாது. தெருவில் மாடு பள்ளத்தில் விழுந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள், தேர் போன பிறகு தெருக் கூட்டவும் எங்களைத்தான். ஊர் முழுக்க என் வீடு மாதிரி இருந்த காலம் அது ஒன்றுதான்.

இத்தனை சந்தோஷத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு முள் இருந்தது. அதன் பெயர் தங்கவேலு.

தங்கவேலு சார் கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர். அந்தப் பள்ளிக்கூடத்து ஸ்கவுட் மாஸ்டரும் அவர்தான். காட்டூரில் விவசாயக் குடும்பம். தினம் தஞ்சாவூர் ரோட்டில் அரியமங்கலம் தாண்டி சைக்கிளில் வருவார். சைக்கிளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சாக்கில் கத்தரிக்காயோ அவரைக்காயோ இருக்கும். போகிற வழியில் யார் வீட்டிலாவது இறக்கிவிட்டுப் போவார். என் வயசுதான், என் உயரம்தான். எங்களுக்குள் வித்தியாசம் ஒன்றே ஒன்று. என் கழுத்தில் விசில் தொங்கும். நான் அதை ஊதினால் பையன்கள் வருவார்கள். அவரிடம் விசிலே கிடையாது. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே பையன்கள் ஏற்கெனவே இருப்பார்கள். எனக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான்: என் பையன்கள் ஒரு தடவையாவது என்னை அப்படிச் சுற்றி நிற்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. பொறாமைதான். சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை.

முதல் சந்திப்பிலேயே அது ஆரம்பமாகிவிட்டது. சாரணர்கள் இடது கையால் கைகுலுக்குவது வழக்கம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்ரீரங்கத்தில் இடது கையை ஒரு பெரியவரிடம் நீட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்து நிர்வாகி பஞ்சகச்சமும் பன்னிரண்டு திருமண்ணுமாக இருக்கிற பரம வைதிகர். அவர் கண்ணில் படாமல் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே நான் ஸ்கவுட் மாஸ்டராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். தங்கவேலு சார் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்றைக்கு நேரே அவரிடம் போய் இடது கையை நீட்டினார். நிர்வாகி இரண்டடி பின்னால் போனார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா" என்றார் தங்கவேலு சார் சிரித்துக்கொண்டே. "நெஞ்சு இந்தப் பக்கந்தானே இருக்கு? அதுக்குக் கிட்டக்க இருக்கற கையைக் கொடுக்கறோம்."

நிர்வாகி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தம்முடைய இடது கையை, ஏதோ இரவல் வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி மெல்ல நீட்டினார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தக் காட்டூர்ப் பிள்ளையாண்டான் சௌக்கியமா?" என்று கேட்பார். நான் சௌக்கியமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

முக்கொம்பில் நடந்த முகாம் இன்னும் மோசம். எங்கள் ட்ரூப்பில் பாதிப் பையன்கள் ஆசாரமான வீட்டுப் பிள்ளைகள். முகாமுக்கு அனுப்ப வேண்டுமென்றால் கூடவே ஒரு பரிசாரகர் வர வேண்டும், மடியாகத் தளிகை பண்ண வேண்டும் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஸ்கவுட் முகாம் என்றால் பையன்கள் தாங்களே சமைக்க வேண்டும்; எங்கள் பையன்கள் சமையல்காரர் வியர்வையைத் துடைப்பதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றங்கரையில் அந்தப் பக்கம் தங்கவேலு சாரின் பையன்கள் கல்லை அடுக்கி, சுள்ளி பொறுக்கி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தரிக்காயைச் சுட்டார்கள். சோறு அடிப்பிடித்தது. அந்தத் தீய்ந்த வாசனை காற்றில் எங்கள் பக்கம் வந்ததும் என் பையன்கள் ஒவ்வொருவராகக் 'கை கழுவ' எழுந்து போனார்கள். போனவர்கள் வரவில்லை.

எங்கள் சாத்தமுது, உங்கள் பாஷையில் ரசம், ஆறிக்கொண்டிருந்தது. நானும் பரிசாரகரும் மட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அப்போது தங்கவேலு சார் ஒரு மந்தாரை இலையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"சார், கொஞ்சம் கருகிப்போச்சு. பசங்க பண்ணது, பெரிசா எடுத்துக்காதீங்க."

பரிசாரகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். மோசமாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! இலையை வழித்துச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவியிடம் சொல்லிப் புலம்புவேன். "காட்டூர் வாத்தியாரைப் பத்திப் பேசாம உங்களுக்கு ஒரு வாய் சாதம் இறங்காதா?" என்பாள். இறங்காது என்பதுதான் உண்மை.

ஆனாலும் எனக்கென்று ஒன்று இருந்தது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் காணாமல் போகிற குழந்தைகளை வைத்துக்கொள்ளும் கொட்டகை. அப்போது மொட்டையாக நின்ற தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை ஒன்று போடுவார்கள். வழி தவறின குழந்தைகளை ஸ்கவுட் பையன்கள் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். பெற்றவர்கள் வந்து அழைத்துப் போவார்கள். திருவிழாவிலேயே பெரிய மரியாதை அந்தக் கொட்டகைதான். எங்கள் ஊர், எங்கள் பெருமாள், எங்கள் கொட்டகை. தகரக்காரரிடம் சொல்லிப் பெரிய ஊதுகுழாய் ஒன்று செய்து வைத்திருந்தேன். அதில் நான் பேசினால் சித்திரை வீதி வரைக்கும் கேட்கும்.

ஒரு வருஷம் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று ஸ்கவுட் கமிஷனர் தங்கவேலு சாரின் ட்ரூப்பையும் கொட்டகைக்கு அனுப்பினார். அந்தக் கமிஷனர் பழைய வக்கீல். எதையும் இரண்டு தரப்பாகப் பார்த்துத்தான் பழக்கம். யாருக்குச் சாமர்த்தியமோ அடுத்த வருஷத்திலிருந்து கொட்டகை அவர்களுக்கு என்று சொல்லிவிட்டு, தாமும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மார்கழிக் குளிரிலும் வேர்த்தது.

விடிந்து நன்றாக வெயில் ஏறின சமயம். என் பையன் ஒருவன் நாலைந்து வயசுக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் கமிஷனர் காதில் விழும்படி விசாரணையை ஆரம்பித்தேன்.

"உன் பேரு என்ன?"

"தம்பி."

"அப்பா பேரு?"

"ரங்கசாமி."

"எந்த ஊரு?"

"எங்க ஊரு."

இது போதும் என்று நினைத்து, ஊதுகுழாயைத் தூக்கி, "ரங்கசாமி! ரங்கசாமி பையன் இங்கே இருக்கான்! ரங்கசாமி உடனே கொட்டகைக்கு வரவும்!" என்று முழங்கினேன். இதில் இருக்கிற ஆபத்து உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ரங்கநாதரைச் சேவிக்க வருகிற கூட்டத்தில் ரங்கசாமிகளுக்கா பஞ்சம்? துறையூர் ரங்கசாமி, முசிறி ரங்கசாமி, லால்குடி ரங்கசாமி, கூடவே பேர் சரியாகக் காதில் விழாத ரங்கராஜன்களும் ரங்கநாதன்களும் என்று கொட்டகைக்குள் ஒரே தள்ளுமுள்ளு. கீற்றுத் தட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே இருந்த மற்றக் குழந்தைகளும் அழ ஆரம்பித்தன. ஒரு பெரியவர் முட்டி மோதி முன்னால் வந்து, குழந்தையை உற்றுப் பார்த்துவிட்டு நின்றார்.

"உங்க பையனா ஸ்வாமி?" என்றேன்.

"எனக்குப் பையனே கிடையாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேளேன்னு வந்தேன்" என்றார்.

நான் விசிலை ஊதினேன். விசில் சத்தத்தில் அழுகை இரண்டு மடங்கானது. கமிஷனர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், சிரித்தாரோ என்னவோ.

தங்கவேலு சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வெளியே நின்ற மாட்டு வண்டியின் மேல் ஏறி நின்றார். "தம்பி, இப்ப நல்லா அழு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மாவைக் கூப்பிட்டு அழு" என்றார். அழாதே, அழாதே என்று அதுவரை எல்லாரும் அதட்டிக்கொண்டிருந்த குழந்தைக்கு இப்படி ஓர் அனுமதி கிடைத்ததும் அது அழுத அழுகை இருக்கிறதே! கூட்டத்தின் அந்தக் கோடியில் ஒரு பெண் தலை திரும்பிற்று. அவ்வளவு தூரத்திலிருந்து அவள் ஜனங்களைப் பிளந்துகொண்டு வந்த வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"எப்படி சார்?" என்று கமிஷனர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்க வீட்டுல கன்னுக்குட்டி கத்தினா பசு பேரு கேட்டுட்டா வருது?" என்றார் தங்கவேலு சார்.

அன்று முழுக்க அவர் அந்த வண்டியை விட்டு இறங்கவில்லை. என் பையன்களும் அவருடைய பையன்களும் சேர்ந்து குழந்தைகளை அவரிடம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பையன் எந்த ட்ரூப் என்று ஸ்கார்ப்பைப் பார்த்தால்தான் தெரியும். தாய்மார்கள் அவரை வாழ்த்திய வாழ்த்து எனக்குக் காது கொள்ளவில்லை. நான் ஊதுகுழாயை மடியில் வைத்துக்கொண்டு ஏகாதசி உபவாசத்தோடு உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்குப் பசி என்பதே தெரியவில்லை, வயிறு வேறு விஷயத்தில் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் கொட்டகை அவருக்குப் போயிற்று. எனக்கு அம்மா மண்டபத்துப் படித்துறை. சாயங்காலம் ஆனதும் என் பையன்கள் தயங்கித் தயங்கி வருவார்கள். "சார், இங்க கூட்டம் குறைஞ்சுடுத்து. கொட்டகைக்குப் போய் உதவி பண்ணட்டுமா?" போங்கோ என்பேன். நானும் பின்னாலேயே போவேன். போகாமலும் இருக்க முடியவில்லை. எல்லாக் குழந்தைகளும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு ட்ரூப்பும் சேர்ந்து உட்கார்ந்து சுண்டல் தின்னும். அந்த வட்டத்தில் உட்கார்ந்த சந்தோஷமும் பொறாமையும் எனக்கு ஒரே ருசியாகத்தான் இருந்தது. பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தங்கவேலு சார் எப்போதும் நகர்ந்து தமக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விடுவார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

யுத்தம் முடிந்த சமயத்தில் அவருக்கு நாகப்பட்டினத்துப் பக்கம் வேலை மாறிற்று. போன கொஞ்ச நாளில் விஷக் காய்ச்சல் வந்து அங்கேயே போய்விட்டார் என்று சொன்னார்கள். கொட்டகை என்னிடம் திரும்பி வந்தது. நானும் வண்டி மேல் ஏறினேன், குழந்தைகளைத் தோளில் வைத்து அழச் சொன்னேன். தாய்மார்கள் வந்தார்கள். குழந்தையை வாங்கிக்கொண்டு, "அந்தக் காட்டூர் மாஸ்டர் இந்த வருஷம் வரலீங்களா?" என்று கேட்டார்கள். செத்துப்போன மனுஷனிடம்கூடத் தோற்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வெகு நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கிட்டே வந்தார்.

"சார் ஸ்கவுட் மாஸ்டர்தானே? நீங்க நிக்கற நிலையிலேயே கண்டுபிடிச்சிட்டேன்."

"ஆமாம்" என்றேன். அது உண்மைதானே. அவர் சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தங்கவேலு சார்! நான் கோட்டை ட்ரூப் சார். வண்டி மேல உங்களுக்குப் பிள்ளைங்களைத் தூக்கித் தூக்கிக் கொடுப்பேனே, அந்தச் செல்வராஜ்!"

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கிற்று. இல்லை, நான் அவரில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கைகள் என் கையை விடவில்லை. இப்படி ஒருவன் என் கையைப் பிடிக்க வேண்டும் என்றுதானே நான் அத்தனை வருஷம் ஏங்கினேன்? "சௌக்கியமாப்பா?" என்று கேட்டுவிட்டேன். குரலைக்கூடக் கொஞ்சம் காட்டூர்ப் பக்கமாக மாற்றிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் பழைய கதைகளை எல்லாம் கொட்டினார். கருகின சோறு, மாட்டு வண்டி, சுண்டல். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"ஸ்ரீரங்கத்துலேருந்து ஒரு மாஸ்டர் வருவாரே சார், தொப்பி ஒரு பக்கமா சாஞ்சே இருக்கும். எதுக்கெடுத்தாலும் விசில் ஊதுவாரு. அவரைக் கண்டாலே எங்களுக்குச் சிரிப்பு. இருக்காரா சார் அவரு?"

"இருக்காருப்பா" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்காகப் பேச அந்தப் பஸ் ஸ்டாண்டில் வேறு யாரும் இல்லை. "அப்படிச் சிரிக்காதேப்பா. நல்ல மனுஷன். பசங்கன்னா அவருக்கு உசுரு. காட்டிக்கத் தெரியாது, அவ்வளவுதான்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"அன்னிக்கும் இதையேதான் சார் சொன்னீங்க. அச்சு அசலா இதே பேச்சு. அவரு மாதிரி நான் விசில் ஊதிக் காமிச்சப்ப, எங்க எல்லாரையும் உக்கார வச்சு, இனிமே அவரை யாராவது கேலி பண்ணா என் ட்ரூப்புல இருக்கக் கூடாதுன்னீங்க. எங்களைக் கோவிச்சுக்கிட்டது உங்க வாழ்நாள்ல அந்த ஒரு தடவைதான் சார்."

பஸ் வந்தது. அவர் குனிந்து என் காலைத் தொட்டார். தங்கவேலு சாருக்குச் சேர வேண்டிய நமஸ்காரத்தை நான் மரம் மாதிரி நின்று வாங்கிக்கொண்டேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து காவிரியைத் தாண்டும் வரைக்கும் எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதிலாவது இந்த மனுஷன் எனக்கு இரண்டாவதாக வரக் கூடாதா?

இப்போது கொட்டகை இல்லை. கோபுரமும் மொட்டையாக இல்லை. காணாமல் போகிற குழந்தைகளை ஒலிபெருக்கி வைத்து யாரோ கூப்பிடுகிறார்கள், நன்றாகத்தான் கூப்பிடுகிறார்கள். கமிஷனர், நிர்வாகி, என் மனைவி, எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இவரைவிட அவர் தேவலை என்று சொல்லத் தெரிந்த எல்லாரும் போய்விட்டார்கள். மிச்சமிருக்கிற செல்வராஜுக்கே யார் எவர் என்று தெரியவில்லை. இந்தத் திருச்சி ஜில்லாவில் தங்கவேலு சாரைப் பார்த்து இன்னும் வயிறெரிகிறவன் நான் ஒருவன்தான் பாக்கி. நானும் போய்விட்டால், பாவம், அவருக்கு அதுவும் கிடையாது.